சட்டையில் ஒட்டிய எழுத்து சலவையில் நிற்க...

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நமது மன்றச் செயலாளர் கேட்டபோது நான் தயங்கினேன். கவிதை எனக்கு வராது. பொன்மொழி தொகுத்துத் தருவதற்கு ஏற்கனவே நாலு பேர் இருக்கிறார்கள். எனவே நான் என் கையால் செய்து, கெடுத்து, பிறகு கற்றுக்கொண்ட ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். பனியன் துணிச் சட்டையில் சூடு கொடுத்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலைதான் அது. கடையில் இதற்கு 'ஹீட் டிரான்ஸ்ஃபர்' என்று பெயர். தெர்மல் இன்ஜினியரிங் பாடத்தில் வரும் ஹீட் டிரான்ஸ்ஃபர் வேறு, இது வேறு என்று முதலில் நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று புரிவதற்கு 32 சட்டைகள் வீணாக வேண்டியிருந்தது.

நான் கல்லூரி முடிந்ததும் மாலையில் கொரட்டூரில் ஒரு சிறிய பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். தகரக் கொட்டகை, ஒரு பிரஸ், ஒரு மேஜை, அவ்வளவுதான். திருப்பூரிலிருந்து லாரி பார்சலில் வெள்ளைச் சட்டை வரும். பாரிமுனைப் பக்கமிருந்து அச்சடித்த ஸ்டிக்கர் வரும். நாங்கள் ஒட்டிக் கொடுப்போம். சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு ஆட்டோ ஸ்டாண்டு ஒன்றிலிருந்து 32 சட்டைக்கு ஆர்டர் வந்தது. முன்பக்கம் சின்னதாக ஒரு ஆட்டோ படம், முதுகில் பெரிய எழுத்தில் ஸ்டாண்டின் பெயர். அந்த ஸ்டாண்டில்தான் என் அப்பாவும் வண்டி ஓட்டுகிறார். ஆர்டரைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். "நம்ம பையன்தாம்பா ஒட்டப் போறான், பாலிடெக்னிக் படிக்கிறான்" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான் என்பதால் அவர் இதை டீக்கடையிலும் சொல்வார், சிக்னலில் பக்கத்து வண்டிக்காரரிடமும் சொல்வார்.

பூஜையன்று எல்லோரும் ஒரே மாதிரி சட்டையில் நின்று போட்டோ எடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் சட்டைகள் துவைக்கப் போயின. அதற்கு அடுத்த நாள் அப்பா ஒன்றும் பேசாமல் தன் சட்டையை என் முன்னால் விரித்துப் போட்டார். முதுகில் இருந்த பெயரில் முதல் இரண்டு எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் மிச்சம். நடுவில் இருந்தவை தோல் உரிந்த மாதிரி சுருண்டு தொங்கின. ஸ்டாண்டில் கணக்கெடுத்தால் 32-ல் 21 சட்டை இப்படி.

"படிச்ச பையன் ஒட்டினதுதானே?" என்று ஒருவர் கேட்டாராம். அப்பா அதை என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லி, அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குண்டானவர் சட்டை மட்டும் ஏன் உரிந்தது?

ஸ்டாண்டில் ஒரு வேடிக்கையான கருத்து கிளம்பியது. எக்ஸ்எல் சைஸ் சட்டைகள் எல்லாமே உரிந்திருந்தன. மீடியம் சைஸில் ஒன்றுகூட உரியவில்லை. "தொப்ப இருக்கறவன் போட்டா துணி இழுக்குது, அதான் பிச்சிக்குது" என்றார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் அப்பா ஒல்லி. தொளதொள என்று இருக்கட்டும் என்று எக்ஸ்எல் வாங்கிக்கொண்டவர். அவர் சட்டை எப்படி உரிந்தது?

யோசித்தபோதுதான் நினைவு வந்தது. அன்று நான் சைஸ் வாரியாக அடுக்கி வைத்து ஒட்டினேன். முதலில் மீடியம், பிறகு லார்ஜ், கடைசியில் எக்ஸ்எல். ஆக, உரிந்தது குண்டானவர் சட்டை அல்ல, கடைசியாக ஒட்டிய சட்டை. இந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் தேடினேன்.

ஸ்டிக்கர் எப்படி ஒட்டுகிறது?

இப்போது சிறு பட்டறைகளில் அதிகம் நடப்பது டி.டி.எஃப். என்ற முறை. ஒரு பிளாஸ்டிக் பிலிமில் படத்தை அச்சடித்து, அதன்மேல் வெள்ளை மை அடித்து, மை ஈரமாக இருக்கும்போதே பசைப்பொடியைத் தூவி, சூட்டில் உருக்கி எடுத்து வைப்பார்கள். அந்தப் பிலிமைத் துணிமேல் கவிழ்த்து பிரஸ்ஸில் அழுத்தினால் பொடி மறுபடி உருகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். பிலிமை உரித்தால் படம் துணியில் நிற்கும்.

இதற்கு முன்பிருந்தே உள்ளது பிளாஸ்டிசால் ஸ்டிக்கர். பி.வி.சி. துகளை எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் கலந்த மை அது. காகிதத்தில் அச்சடித்து அரைகுறையாகச் சூடு காட்டி வைத்திருப்பார்கள். பாதி வெந்த இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். துணிமேல் வைத்து அழுத்தும்போதுதான் முழுதாக வேகும். மை முழுவதும் சுமார் 160 டிகிரி சென்டிகிரேடை எட்ட வேண்டும். வேகாத இட்லி கையில் ஒட்டுவது போல வேகாத பிளாஸ்டிசால் சலவையில் வெடித்து உதிரும்.

மூன்றாவது, பசையே இல்லாத முறை. 1957-ல் பிரான்ஸ் நாட்டில் நோயல் தெ பிளாஸ் என்பவர் கண்டுபிடித்தது. சில சாயங்கள் கற்பூரம் மாதிரி. சூட்டில் திரவமாகாமல் நேரே ஆவியாகும். ஏறத்தாழ 200 டிகிரியில் அந்த ஆவி பாலியெஸ்டர் நூலுக்குள் புகுந்து, ஆறியதும் உள்ளேயே தங்கிவிடும். சேப்பாக்கம் மைதானத்துக்கு வெளியே விற்கும் மஞ்சள் சட்டைகளில் தடவினால் கைக்குத் தட்டுப்படாத எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் இந்த வகைதான். உரிவதற்கு அங்கே எதுவுமே இல்லை. ஆனால் காட்டனில் இது நிற்காது; இரண்டு சலவையில் வெளுத்துவிடும். இதே குணம் நமக்கு எதிராகவும் வேலை செய்யும். சிவப்பு பாலியெஸ்டர் சட்டையில் வெள்ளை ஸ்டிக்கரை அதிகச் சூட்டில் ஒட்டினால், துணியின் சிவப்புச் சாயமே மேலே ஏறி வெள்ளை எழுத்து ரோஸ் ஆகிவிடும். ஒட்டும்போது தெரியாது, இரண்டு நாள் கழித்துக்கூட நிறம் மாறும்.

நம் கதை முதல் வகை, காட்டன் சட்டையில் டி.டி.எஃப். இதில் முக்கியமானது ஒன்றுதான். உருகிய பசை துணியின் மேலே படர்ந்தால் போதாது. நூல்களுக்கு இடையில் இறங்கி, இழைகளைச் சுற்றிக்கொண்டு, பிறகு உறைய வேண்டும். செடி மண்ணில் வேர் விடுவது மாதிரி. வேர் இறங்காத எழுத்தும் அன்றைக்கு ஒட்டினது மாதிரியே தெரியும், போட்டோவுக்கு நிற்கும். தண்ணீர் பட்ட பிறகுதான் அதன் லட்சணம் தெரியும். பசை இறங்குவதற்கு அது இளகிப் பாய்கிற அளவுக்குச் சூடு வேண்டும், பாய்வதற்கு நேரம் வேண்டும், உள்ளே தள்ளுவதற்கு அழுத்தம் வேண்டும். ஸ்டிக்கர் விற்பவர் '160 டிகிரி, 15 விநாடி' என்று எழுதித் தருகிறார். நானும் மீட்டரில் 160 வைத்தேன், டைமரில் 15 வைத்தேன். பிறகு எங்கே தவறு?

மீட்டர் சொன்னதும் தகடு சொன்னதும்

எங்கள் தெர்மல் லேப் ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தெர்மோகப்பிள் ஒன்றும் அதற்கான மீட்டரும் ஒரு சனிக்கிழமைக்கு இரவல் கொடுத்தார். பட்டறை பிரஸ்ஸில் மீட்டர் 160 காட்டும்போது தகட்டின் நடுவில் வைத்துப் பார்த்தேன்: 157. பரவாயில்லை. முன்பக்க இடது மூலையில் வைத்தேன்: 138! தகட்டுக்குள் காயில் மூலைவரை ஓடவில்லை. போதாக்குறைக்கு ஓரங்கள் காற்றுக்குச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கின்றன. கண்டக்‌ஷனும் கன்வெக்‌ஷனும் நாம் பரீட்சைக்குப் படித்த அதே கதைதான்.

பிறகு அன்று செய்தது போலவே நிற்காமல் பத்து சட்டை அழுத்தினேன். பழைய துணிதான். பத்தாவது சட்டையின்போது தகட்டின் நடுவே 141-க்கு இறங்கியிருந்தது. மீட்டரின் சென்சார் தகட்டுக்குள்ளே காயிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது 155 என்று காட்டியது. பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைச் சொன்னது. ஒவ்வொரு சட்டையும் தகட்டிலிருந்து கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதை ஈடுகட்டத் தகட்டுக்கு நேரம் தராமல் அடுத்ததை வைத்தால் சூடு படிப்படியாக இறங்கும். மீடியம் சைஸ் தப்பித்ததும் எக்ஸ்எல் மாட்டிக்கொண்டதும் இதனால்தான்.

இன்னொன்று. அன்று ஒட்டியது மாலை ஆறரை முதல் ஒன்பது வரை. அந்த நேரத்தில் எங்கள் பக்கம் வோல்டேஜ் குறையும். டியூப் லைட்டே கண் சிமிட்டும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் என்ன ஆகும்? காயிலின் மின்தடை மாறாது என்று வைத்துக்கொண்டால், திறன் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும். 190-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.68. ஆக 2000 வாட் பிரஸ் ஏறத்தாழ 1365 வாட் பிரஸ் ஆகிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு போயே போச்சு! தெர்மோஸ்டாட் இருப்பதால் எப்படியும் 160-க்கு ஏறும், ஆனால் மெதுவாக ஏறும். நானோ ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு மறுநாள் வீக்லி டெஸ்டுக்குப் படிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன்.

முதல் சட்டைக்கும் ஒரு ஆபத்து உண்டு. கீழே இருக்கும் ரப்பர் மெத்தை காலையில் குளிர்ந்திருக்கும். அது சூட்டைக் கீழே இழுத்துக்கொள்ளும். எனவே வேலை தொடங்கும் முன் பிரஸ்ஸைச் சில நிமிடம் காலியாக மூடி வைத்துத் திறக்க வேண்டும்.

ஈரம் தின்ற சூடு

இந்தப் பகுதியை எனக்குச் சொல்லித் தந்தது ஆசிரியர் இல்லை, என் அம்மா. அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை பார்க்கிறார். படித்தது ஐந்தாவது. இப்போது ஏற்றுமதிப் பனியன்களில் கழுத்தில் துணி லேபிள் தைப்பது குறைந்து, சைஸையும் பெயரையும் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஹேன்ஸ் கம்பெனி 2002-ல் லேபிள் குத்தாத பனியன் என்று விளம்பரம் செய்து விற்றது. பிறகு பலரும் அந்த வழிக்கு வந்தார்கள். அம்மா நிற்கும் மேஜைக்குப் பக்கத்தில்தான் அந்தக் கழுத்து லேபிள் மெஷின் இருக்கிறது.

நான் தெர்மோகப்பிள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "மொதல்ல வெறும் துணிய ஒரு தடவ அமுக்கினியா?"

"இல்லம்மா, ஏன்?"

"எங்க செக்‌ஷன்ல அந்தப் பொண்ணு லேபிள் வைக்கறதுக்கு முன்னாடி வெறும் கழுத்த ஒரு தடவ அமுக்கி எடுக்கும். மழ நாள்ல புஸ்ஸுன்னு ஆவி வரும் பாரு. அந்த ஆவி போனாதான் லேபிள் வைக்கும்."

நான் அன்று ரொம்ப நேரம் பேசவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் மழை. பார்சல் மூட்டை இரண்டு நாள் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் கிடந்தது. தொட்டால் ஈரம் தெரியாது. ஆனால் காட்டன் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பஞ்சாலைக் கணக்கில் காட்டனின் ஈரப்பதம் 8.5 சதவீதம், பாலியெஸ்டருக்கு வெறும் 0.4 சதவீதம். மழை நாளில் காட்டன் இன்னும் அதிகம் குடிக்கும்.

நண்பர்களே, ஸ்டீம் டேபிளை எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள். துணி ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம். முதுகு எழுத்தின் இடம் 30 சென்டிமீட்டருக்கு 30. அந்த இடத்தில் ஒரு மடிப்புத் துணியின் எடை 16 கிராம். அதில் தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 1.3 கிராம். இந்த 1.3 கிராமை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்றி ஆவியாக்க எவ்வளவு வெப்பம்? மறை வெப்பம் கிராமுக்கு 2257 ஜூல். சூடேற்ற கிராமுக்கு இன்னும் சுமார் 290 ஜூல். மொத்தம் 3300 ஜூல். சரி, மீதி 15 கிராம் காய்ந்த காட்டனை 30-லிருந்து 150 டிகிரிக்கு ஏற்ற? காட்டனின் வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு 1.3 ஜூல் என்று எடுத்தால் 2340 ஜூல்தான். பாருங்கள், 15 கிராம் துணியை விட அதற்குள் ஒளிந்திருக்கும் 1.3 கிராம் தண்ணீர் அதிக வெப்பத்தைத் தின்கிறது! தண்ணீர் முழுவதும் போகும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டவே சிரமப்படும். என் 15 விநாடியில் பெரும்பகுதி தண்ணீர் காய்ச்சவே போயிருக்கிறது. போதாததற்கு, கிளம்பும் ஆவி பசைக்கும் துணிக்கும் நடுவில் புகுந்து பசையை மேலே தூக்கும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு அம்மாவிடம் காட்டினேன். "இத்தினி கணக்கு எதுக்குடா, ஆவி வருதான்னு பாத்தா போதாதா?" என்றார். வெறும் துணியை 5 முதல் 8 விநாடி அழுத்தித் திறந்து ஆவி போக விட வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அழுத்தம், தையல், மூலை

அழுத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று நமக்கு முதல் வருடமே தெரியும். ஆனால் சட்டையின் தோள் தையலோ பட்டனோ தகட்டுக்குக் கீழே மாட்டினால், விசை முழுவதையும் அந்த மேடு வாங்கிக்கொள்ளும். பக்கத்துப் பள்ளத்தில் எழுத்து சும்மா சூடு காய்ந்துகொண்டிருக்கும். சட்டைக்குள்ளே எழுத்து அளவுக்கு ஒரு ஸ்பாஞ்சு மெத்தையைச் செருகி அந்த இடத்தை மட்டும் உயர்த்த வேண்டும். தகடு நான்கு பக்கமும் சமமாக உட்காருகிறதா என்று பார்க்க மெஷின் ஏதும் வேண்டாம். நான்கு மூலையிலும் நான்கு காகிதத் துண்டு வைத்து மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எது வழுக்கிக்கொண்டு வருகிறதோ அந்த மூலையில் பிடிப்பு இல்லை. எங்கள் பிரஸ் முதலை வாய் மாதிரி திறக்கும் வகை. அதில் பின்பக்கம், அதாவது கீல் இருக்கும் பக்கம், முதலில் கவ்வும். முன்பக்கம் லேசாக நிற்கும். சூடு குறைந்த மூலையும் அதே முன்பக்கம்தான் என்பது என் அதிர்ஷ்டம்.

படம் வரையும்போதே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கூரான மூலைகள்தான் முதலில் எழும்பும். கூர்முனையில் தகைவு குவியும் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்தோமே, அது இரும்புக்கு மட்டும் சொன்னதில்லை. மூலைகளைக் கொஞ்சம் உருட்டிவிட்டால் சலவையில் நகம் மாட்டுவதற்கு இடம் இருக்காது.

துணியையும் பார்க்க வேண்டும். பனியன் துணி பின்னல். இழுத்தால் நீளும், முதல் சலவையில் சுருங்கும். ஸ்டிக்கர் அவ்வளவு சுருங்காது. துணி மட்டும் சுருங்கினால் எழுத்து அலை அலையாக எழும்பி ஓரத்தைக் கிளப்பும். திருப்பூரில் காம்பாக்டிங் செய்து வரும் துணியில் இந்தத் தொந்தரவு குறைவு. மிருதுவாக இருக்க சிலிக்கான் பூசிய துணியில் பசை பிடிக்கத் தயங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்கும் முன் ஒன்றில் ஒட்டிப் பார்ப்பது நல்லது.

பிலிமை உரிப்பதிலும் அவசரம் கூடாது. 'கோல்டு பீல்' என்று போட்டிருந்தால் கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் உரிக்க வேண்டும். இளகிய பசை பிலிமோடு வந்துவிடும். உரித்த பிறகு டெஃப்லான் தாள் அல்லது பட்டர் பேப்பர் போட்டு இன்னும் 10 விநாடி ஒரு அழுத்து. இந்த இரண்டாவது அழுத்தை நான் முன்பு வீண் வேலை என்று நினைத்து விட்டுவிட்டேன். பசை நூலுக்குள் நன்றாக இறங்குவது இதில்தான்.

நம் ஊர்ச் சலவைக்கு நிற்குமா?

உலக அளவில் சாயம் சலவைக்கு நிற்கிறதா என்று சோதிக்க ஐ.எஸ்.ஓ. 105-சி06 என்று ஒரு முறை இருக்கிறது. துணித் துண்டையும் சோப்புத் தண்ணீரையும் சிறு எஃகுக் குண்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டுச் சுழற்றுவார்கள். நிறம் எவ்வளவு மாறியது என்று 1 முதல் 5 வரை மார்க் போடுவார்கள். 5 தான் முதல் மார்க். நல்ல முறைதான். ஆனால் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துத் துவைக்கிற கல்லுக்கு முன்னால் அந்த எஃகுக் குண்டு எம்மாத்திரம்?

ஸ்டிக்கர் பாக்கெட்டில் 'உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், மென்மையாகத் துவைக்கவும்' என்று போட்டிருக்கும். யார் வீட்டில் அப்படித் துவைக்கிறார்கள்? ராத்திரி பவுடரில் ஊற வைத்து, காலையில் பார் சோப்பு போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, கல்லில் நாலு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து, மொட்டைமாடி வெயிலில் போடுவார்கள். ஆட்டோ ஓட்டுபவர் சட்டையின் முதுகு வியர்வையும் புகையும் சேர்ந்து கறுத்திருக்கும். அங்கேதான் பிரஷ் அதிகம் ஓடும், அங்கேதான் என் எழுத்தும் இருக்கிறது. எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லை என்றால் இன்னும் தேய்ப்பார்கள்.

எனவே நான் என் சோதனையைக் கல்லிலேயே செய்தேன். பழைய காட்டன் பனியன்களை வெட்டி 9 துண்டு. 140, 150, 160 என மூன்று சூடு. ஒவ்வொன்றிலும் 8, 12, 16 விநாடி. இந்த முறை மீட்டரை நம்பாமல் தகட்டில் அளந்த சூடு. எல்லாவற்றிலும் முதலில் ஆவி போக்கி, பிறகு ஒட்டி, ஆறவிட்டு உரித்து, இரண்டாவது அழுத்தும் கொடுத்தேன். பத்தாவதாக ஒரு துண்டை வேண்டுமென்றே தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து, 160-ல் 8 விநாடி கொடுத்தேன். ஒரு நாள் விட்டு, மறுநாள் முதல் பத்து நாள் நானே துவைத்தேன். அம்மா அடிக்கிற அதே அடி. (பத்து துண்டுக்கே என் தோள் வலித்தது. வாரம் நாலு பேர் துணியை அம்மா வேலைக்குப் போகும் முன் எப்படித்தான் துவைக்கிறாரோ!)

ஈரத் துண்டு முதல் நாளே முழுசாகக் கழன்று கல்லோடு ஒட்டிக்கொண்டது. 140-ல் 8 விநாடி கொடுத்தது இரண்டாம் நாள் ஓரம் எழும்பி நான்காம் நாள் போய்விட்டது. 140-ல் 16 விநாடி ஆறு நாள் தாங்கியது. 150-ல் 12-ம் 16-ம் பத்து நாளும் நின்றன. 160-ல் மூன்றுமே நின்றன, ஆனால் 16 விநாடித் துண்டில் வெள்ளைத் துணி லேசாக மஞ்சள் பூத்துவிட்டது. இவை எங்கள் பிரஸ்ஸுக்கும் நாங்கள் வாங்கும் ஸ்டிக்கருக்கும் வந்த முடிவுகள். வேறு கம்பெனிப் பொடி வேறு மாதிரி உருகும். நீங்கள் செய்வதானால் உங்கள் துணியில் நீங்களே ஒரு தடவை இப்படித் துவைத்துப் பார்த்துவிடுங்கள்.

துவைக்காமலே பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. ஆறிய பிறகு எழுத்தின் இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து இழுங்கள். நன்றாக இறங்கிய எழுத்து துணியோடு சேர்ந்து நீண்டு, விட்டதும் திரும்பும். இறங்காதது ஓரத்தில் வெள்ளையாகக் கோடு விட்டு எழும்பும். நகத்தால் மூலையை நெருடிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

பிறகு நடந்தது

உரிந்த சட்டையில் பசைக் கறை படிந்துவிட்டதால் அதன்மேல் மறுபடி ஒட்ட முடியவில்லை. சட்டை ஒன்று 170 ரூபாய். நல்லவை பதினொன்றையும் விட்டுவைக்காமல் எல்லோருக்கும் புதிதாகவே கொடுப்பது என்று பட்டறை அண்ணன் முடிவு செய்தார். 32 சட்டைக்கு 5440 ரூபாய். அதில் பாதியை என் சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். கொட்டகைத் தரையில் மூட்டையை வைத்தது நான் இல்லை. ஆனால் பிரஸ்ஸை இழுத்து மூடிய கை என்னுடையது.

இரண்டாம் முறை ஞாயிற்றுக்கிழமை காலையில், வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது ஒட்டினேன். மூட்டையைப் பிரித்து முதல் நாளே வெயிலில் காய வைத்தேன். மீட்டரில் 165 வைத்தால்தான் தகட்டில் 160 வருகிறது என்று சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். முன்பக்க மூலையில் எழுத்து வராதபடி சட்டையைப் பின்னால் தள்ளி விரித்தேன். ஒவ்வொரு சட்டைக்கும் நடுவில் ஒரு நிமிடம் தகடு ஏற விட்டேன். 32 சட்டைக்கு முன்பு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இந்த முறை நாலே கால் மணி நேரம். அண்ணன் இரண்டு தடவை வந்து, "தம்பி, இன்னும் முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சட்டைகளைக் கொடுத்தபோது ஒரு சிறு துண்டுச் சீட்டும் வைத்தேன். ஒரு நாள் கழித்துத்தான் முதல் சலவை. திருப்பிப் போட்டுத் துவைக்க வேண்டும், கல்லில் அடித்தாலும் எழுத்து உள்பக்கம் இருக்கட்டும். ராத்திரி முழுக்க ஊற வேண்டாம். ப்ளீச்சிங் பவுடர் கூடாது. எழுத்தின்மேல் இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள், வைத்தால் பசை மறுபடி உருகிப் பெட்டியோடு வந்துவிடும். சீட்டை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியவில்லை. அப்பா மட்டும் அதை மடித்து ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.

அப்பாவின் சட்டை இதுவரை நாற்பது சலவைக்கு மேல் பார்த்துவிட்டது. கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. கழுத்துப் பட்டி நைந்துவிட்டது. ஆட்டோ படத்தின் பின் சக்கரத்தில் ஒரு சிறு வெடிப்பு. முதுகு எழுத்து ஒன்றும் எழும்பவில்லை.

இந்த வருடம் நமது மன்ற விழாவுக்குத் தன்னார்வலர்கள் அணிந்த நீலச் சட்டைகளை ஒட்டியதும் நான்தான். துணியில் பாதிக்குப் பாதி பாலியெஸ்டர் கலப்பு என்பதால் சூட்டைக் குறைத்து 145-ல் வைத்து நேரத்தைக் கூட்டினேன். அந்தத் துணியில் பத்து சலவை பார்க்க எனக்கு நாள் போதவில்லை; ஐந்துதான் பார்த்தேன். யாருடைய சட்டையிலாவது ஓரம் எழும்பினால் பிய்த்து எறிந்துவிடாமல், எத்தனையாவது சலவை, கல்லா மெஷினா என்று சொல்லி என்னிடம் கொண்டு வாருங்கள். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சு.